போர்வெல் நீரில் யுரேனியம்: பாறையா, உரமா, போர்க் குண்டா?

நிலத்தடி நீரில் யுரேனியம் என்று செய்தி வந்தாலே, "யார் கலந்தது?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பஞ்சாபில் இது பெரிய சர்ச்சையாகவே ஆனது. 2009-ல் ஃபரீத்கோட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளின் தலைமுடியில் யுரேனியம் அதிகம் என்று தெரிந்ததும், அனல்மின் நிலையச் சாம்பல் என்றார்கள், உரம் என்றார்கள். ஆப்கானிஸ்தான் போரில் வெடித்த குண்டுகளின் தூசி என்றும் சொன்னார்கள்.

இதற்கான விடை யுரேனியத்துக்குள்ளேயே இருக்கிறது. எடையில் சற்றே வேறுபட்ட 238, 235, 234 என்ற மூன்று வகை அணுக்கள் அதில் உண்டு. இவைதான் ஐசோடோப்புகள். இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 7 அணுக்கள் 235 வகை. அணு எரிபொருளுக்காக 235-ஐப் பிரித்தபின் மிஞ்சுவதைத்தான் குண்டுகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் 2 அல்லது 3 தான் இருக்கும். பஞ்சாப் நீரில் வந்த கணக்கு இயற்கையான 7. குண்டுத் தூசி என்ற சந்தேகத்துக்கு அதன்பின் ஆதாரம் இல்லை.

உரத்தைப் பிரித்தறிய இந்தக் கணக்கு உதவாது. பாஸ்பேட் உரமும் பாறையிலிருந்து வந்ததுதான், அதிலும் அதே 7. அங்கே 234 வகையைப் பார்க்க வேண்டும். 238 சிதைந்துதான் 234 பிறக்கிறது. அந்த உதைப்பில் பாறைக்குள் அணு இருக்கும் இடம் நொறுங்குவதால், 234 சுலபமாக நீரில் கரைந்துவிடும். எனவே பாறையில் ஊறிய நீரில் 234 வழக்கமான பங்கைவிட அதிகமாக இருப்பதுண்டு. எவ்வளவு அதிகம் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். பாஸ்பேட் உரத்தில் பொதுவாக அந்த மிகை இருக்காது.

2018-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் ராஜஸ்தான், குஜராத்தில் 324 கிணறுகளை ஆராய்ந்து, முக்கிய மூலம் பாறையே என்றனர். ராஜஸ்தானில் மூன்றில் ஒரு கிணறு வரம்பைத் தாண்டியிருந்தது.

அதற்காக நமக்குப் பங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீர்மட்டம் இறங்கினால் பாறை இடுக்குகளில் காற்று புகும். யுரேனியம் கரையும் வடிவத்துக்கு மாறும். பயிர் எடுத்தது போக மிஞ்சும் தழைச்சத்து நைட்ரேட்டாகக் கீழே இறங்கினாலும் அதேதான் நடக்கும். யூரியா யுரேனியத்தைக் கொண்டுவருவதில்லை, பாறையில் இருப்பதைக் கரைத்துவிட உதவுகிறது. நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் கரைந்தது கரைந்தபடியே நிற்கும். கிரானைட் போன்ற பாறைகளில் யுரேனியம் இயல்பாகவே சற்று அதிகம் என்பதால், நம் கருங்கல் பூமிக்காரர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

இந்தியாவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். மிஞ்சினால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். நிறம், சுவை, வாடை எதிலும் தெரியாது, டி.டி.எஸ். மீட்டரும் காட்டாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், யுரேனியம் தங்கிவிடும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும். அது வெளியேற்றும் கழிவுநீரை மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள்.

வழக்கமான நீர்ப் பரிசோதனையில் யுரேனியம் பொதுவாகச் சேராது. ஆய்வகத்தில் அந்த வசதி உண்டா என்று முதலில் கேட்டு, அதைக் குறிப்பிட்டே மாதிரி கொடுங்கள். மொத்த அளவு தெரிந்தால் போதும், ஐசோடோப்புச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்து அறிக்கையை வைத்து உங்கள் போர்வெல்லை முடிவு செய்யாதீர்கள்.