அயல் வீட்டுக் கூக்குரலுக்கு ஓடினால் சட்டம் என்ன சொல்லும்?

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை எங்கள் பக்கத்துப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'கிரீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்று பொத்துவில் முதல் கிண்ணியா வரை ஒரே பேச்சு. இரவில் ஆண் துணையில்லாத வீடுகளுக்குள் யாரோ நுழைகிறான், பெண்களைக் கீறுகிறான், ஓடி மறைகிறான் என்றார்கள். நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் படுத்தோம். தலைமாட்டில் உலக்கை, கதவோரம் கத்தி. ஆண்கள் பொல்லுகளுடன் தெருவில் விழித்திருந்தார்கள்.

அந்த மாதம் புத்தளத்தில் ஆத்திரமடைந்த கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். மலைநாட்டில் பூதமென்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அடித்தே கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சந்தேக நபர்களைத் துரத்திப்போன ஊரவர்களைப் படையினர் இரவில் வீடு புகுந்து இழுத்துச் சென்று அடித்தார்கள். பெண்களைக் காப்பாற்றத்தான் போனோம் என்று எல்லா ஊர் ஆண்களும் சொன்னார்கள். சிலர் உண்மையாகவே அதற்குத்தான் போனார்கள்.

பிறரைக் காப்பாற்றக் கை ஓங்கலாமா? அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் நாங்கள் நடத்தும் பெண்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வி பல உருவங்களில் வருகிறது. "தங்கச்சிய அடிக்கக்கொள்ள நான் பாத்துக்கு நிக்கிறதா?" என்று ஒரு தாத்தா கேட்பார். "அது அவங்கட குடும்பப் பிரச்சின, நாம கை வெச்சா நமக்குத்தான் கேஸ்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளைக்காரர் இந்தியாவுக்கு 1860இல் இயற்றிய சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதன் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தற்காப்பு உரிமை பற்றிப் பேசுகிறது. 'தற்காப்பு' என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. தன்னைக் காப்பது மட்டும்தான் உரிமை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 90ஆம் பிரிவு, ஒருவர் தனது உடலையும் வேறு எந்த ஆளின் உடலையும் காக்கலாம் என்கிறது. வேறு எந்த ஆள் என்றால் உறவாக இருக்க வேண்டியதில்லை, ஒரே இனமாக, ஒரே மதமாக இருக்க வேண்டியதில்லை, முன்பின் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பஸ்சில் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் பிள்ளைக்காகவும் நீங்கள் கை ஓங்கலாம். தன்னுடையதும் பிறருடையதுமான சொத்தைக் களவு, கொள்ளை, அழிப்பு, அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது.

எவ்வளவு தூரத்துக்கு? காப்பாற்றத் தேவையான அளவுக்குத்தான். அதற்கு மேல் ஓரடி அடித்தாலும் அந்த அடிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சில ஆபத்துகளுக்கு மட்டும், தாக்குபவனின் உயிர் போனாலும் குற்றமில்லை என்று 93ஆம் பிரிவு சொல்கிறது. உயிர் போகும் அல்லது கடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்படக்கூடிய தாக்குதல், பாலியல் வல்லுறவு நோக்கத்துடனான தாக்குதல், ஆளைக் கடத்திச் செல்வதற்கான தாக்குதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

கடத்தல் என்ற சொல்லை வாசிக்கும்போது உங்களில் பலருக்கு நெஞ்சு அடைக்கும். 1990இல் நம் பகுதிகளில் பிள்ளைகளை இழுத்துச் சென்றபோது சட்டைக் கொலரைப் பிடித்துத் தொங்கிய தாய்மார் இருக்கிறார்கள். 2004இல் கருணா பிரிந்தபின் வீடு வந்த பிள்ளைகளை மீண்டும் கூட்டிச் செல்ல இயக்கம் வந்தபோது வாசலில் மறித்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் சட்டம் இருந்தது. துவக்கு மற்றப் பக்கம் இருந்தது. உரிமை எழுத்தில் இருந்தும் பிள்ளை போனது என்பதை மறைத்துவிட்டு இந்தப் பிரிவுகளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அரச உத்தியோகத்தர் விடயத்தில் சட்டம் வேறுவிதமாகப் பேசுகிறது. பொலிசாரோ படையினரோ தமது கடமையை நல்லெண்ணத்துடன் செய்யும்போது, அதில் சிறு சட்டப் பிழை இருந்தாலும், எதிர்த்துக் கை ஓங்க முடியாது. அந்தச் செயலால் உயிராபத்தோ கடுங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயப்பட்டால் மட்டுமே உரிமை திறக்கிறது. சிவில் உடையில் வந்தவர் இன்னாரென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நிலைமை மாறும்.

பூதக் கதைக்கு வருவோம். சுவரேறி உள்ளே வந்தவன் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்திருக்கும்போது அயலவர் ஓடிவந்து அவனைப் பொல்லால் அடித்துப் பிரித்தால் அது காப்பு. ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றும் கணத்தில் உரிமை பிறக்கிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் தீரும்போது உரிமையும் தீர்ந்துவிடும். அவனைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டிய பிறகு அடிக்கும் அடி காப்பு அல்ல, அது தண்டனை. தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் உண்டு. தெருவில் போன அந்நியன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைத் துரத்தியவர்களுக்கு இந்தப் பிரிவுகளில் இடமே இல்லை. பொலிசாரை நாட நேரமும் வசதியும் இருந்தபோது நாமே தீர்ப்போம் என்று இறங்குவதற்கும் 92ஆம் பிரிவு இடம் தராது. பொலிசாரை நம்ப முடியாததால்தானே ஊரே பொல்லெடுத்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றத்தில் அதை மட்டும் பதிலாகச் சொல்லித் தப்ப முடியாது.

99ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவனைக் கொல்ல ஒரு கூட்டம் வருகிறது, கூட்டத்தில் சிறு பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள், சுடாமல் அவன் உயிர் தப்ப வழியில்லை. அப்போது பிள்ளைக்குக் காயம் பட்டாலும் அவன் குற்றவாளி அல்ல என்கிறது. சட்டத்தின்படி சரி. ஒரு தாயாக வாசிக்கும்போது எனக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் பையுடன் வந்தவனை உள்ளே விடாமல் மறித்தவர் ரமேஷ் ராஜு. வெளியிலேயே குண்டு வெடித்தது, அவர் இறந்தார், உள்ளே இருந்த பலர் தப்பினார்கள். அன்று அவர் அவனைத் தள்ளி விழுத்தி, அதில் அவன் இறந்திருந்தாலும் 93ஆம் பிரிவு அவரைக் காத்திருக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இவ்வளவு தெளிவான நேரமல்ல. நமக்கு வருவது பக்கத்து வீட்டுச் சத்தம்.

அக்கரைப்பற்றில் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாக வந்த வீட்டுக்குள் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். உம்மாவும் தாத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவில் அல்லது வேலிக்கு அந்தப் பக்கம். தமிழ்க் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். அதனால் அடி விழும்போது முதலில் ஓடிவருபவர் உடன்பிறந்த பெண்ணாகத்தான் இருப்பார். என்னிடம் வந்த ஒரு தாத்தாவின் கதை இது. தங்கச்சியின் கழுத்தை மச்சான் நெரித்தபோது இவர் உலக்கையால் அவர் கையில் அடித்தார். எலும்பு முறிந்தது. பிடி விட்டது. மறுநாள் மச்சான் பொலிசில் முறைப்பாடு செய்தார். தங்கச்சியை உறவினர் சுற்றி நின்று, பிள்ளைகளின் முகத்தைப் பார் என்று மன்றாடினார்கள். அவர் "ஒன்றும் நடக்கவில்லை, சும்மா வாய்த்தர்க்கம்" என்று சொல்லிவிட்டார். காப்பாற்றியவர் சந்தேக நபரானார்.

சட்டம் கடினமாகும் இடம் இதுதான். தற்காப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கூறுகிறது. ஆறுதலான விடயம், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்பதை ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் 1942இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேவைக்கு மேல் அடித்து ஆள் இறந்துவிட்டாலும், தீய எண்ணமின்றி நல்லெண்ணத்துடன் எல்லை மீறியிருந்தால் அது கொலைக் குற்றமாகாமல் குறைந்த குற்றமாகலாம். ஆயினும் சிறை சிறைதான்.

அந்தத் தாத்தாவுக்குக் கைகொடுத்தது அன்றிரவு வைத்தியசாலைக்குத் தங்கச்சியையும் கூட்டிச் சென்றிருந்ததுதான். கழுத்தில் இருந்த விரல் அடையாளங்களை வைத்தியர் எழுதியிருந்தார். வாய் மாறினாலும் அந்தத் தாள் மாறவில்லை. ஆகவே காப்பாற்றிய உடனே காப்பாற்றப்பட்டவரை வைத்தியரிடம் காட்டுங்கள், சட்ட வைத்திய அறிக்கை கேளுங்கள். பிறகு நீங்களே முதலில் பொலிசுக்குப் போய் முறைப்பாட்டைப் பதியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். சத்தம் கேட்டு வந்த அயலவர் பெயர்களை மறக்குமுன் எழுதிவையுங்கள். அடித்த உலக்கையைக் கழுவி ஒளித்துவைக்காதீர்கள். ஒளித்தது தெரிந்தால் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். அடுத்த நாள் காக்காமாரைக் கூட்டிக்கொண்டு மச்சானுக்குப் பாடம் படிப்பிக்கப் போனால், முதல் நாள் இரவு உங்களிடமிருந்த நியாயம் முழுவதும் போய்விடும்.

அடுத்த அடி விழுமுன் செய்யக்கூடியதும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதம் வரை இருக்கும். இது காதி நீதிமன்றத்து விடயமல்ல. முஸ்லிம் பெண், தமிழ்ப் பெண், சிங்களப் பெண் எல்லோருக்கும் ஒரே சட்டம். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

வாக்குமூலம் பற்றி ஒரு வார்த்தை. பதற்றத்தில் "நான்தான் அடித்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் கையில் என்ன இருந்தது, அவளுக்கு என்ன செய்துகொண்டிருந்தார், நீங்கள் எதற்குப் பயந்தீர்கள், எத்தனை அடி அடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் வைக்காதீர்கள்.