பொதுக்காணியும் படைப்பயிற்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, மொஹாவே பாலைவனத்தின் தென்பாகத்தில், ஜோன்சன் பள்ளத்தாக்கு என்னும் பெருவெளி ஒன்று உண்டு. அதன் பழைய பரப்பு ஏறத்தாழ 189,000 ஏக்கர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தில் முக்காற்பங்கு எனக் கொள்ளலாம். மழை அரிது, பயிர் இல்லை, பாறைக் குன்றுகளும் வரண்ட ஏரிப்படுகைகளுமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. காணி மத்திய அரசாங்கத்துக்குரியது. அதனைக் காணி முகாமைத்துவப் பணியகம் பொதுமக்களின் பொருட்டு நிருவகித்து வருகின்றது. மோட்டார் சைக்கிளிலும், மணலுக்கும் பாறைக்கும் ஏற்ற வண்டிகளிலும் வீதியை விட்டு விலகி ஓடி மகிழ்வோர் அங்கே பல்லாண்டுகளாகக் கூடி வந்துள்ளனர். 2007ஆம் ஆண்டு ஒரு சிறு நண்பர் குழு தொடங்கிய ‘கிங் ஒவ் த ஹமர்ஸ்’ என்னும் பாறையோட்டப் போட்டி, இன்று ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அவ்வரண்ட ஏரிப்படுகையிலே ஒரு தற்காலிகப் பட்டணத்தையே எழுப்பிவிடுகின்றது.

இவ்விடயத்தை அண்மையில் என் அலுவலகத் திண்ணையிற் பேசிக்கொண்டிருந்தபோது, வெங்காயச் செய்கைக்காரரான முதியவர் ஒருவர், “என்ன அப்புக்காத்து ஐயா, ஓடி விளையாடுறதுக்கோ இவ்வளவு காணி?” என்று வியந்து சிரித்தார். அரைப் பரப்புக் காணிக்காக எட்டு வருடம் வழக்காடியவர் அவர். அவருடைய வியப்பு இயல்பானது. ஆயினும் வழக்கு விளையாட்டைப் பற்றியதன்று. பொதுமக்களுக்கு உரியதென்று சொல்லப்படும் நிலத்தை இராணுவம் கேட்கும்போது, ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே வழக்கு.

ஜோன்சன் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே ருவென்ரி நைன் பாம்ஸ் என்னுமிடத்தில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சித்தளம் இருக்கின்றது. 1952இல் அமைந்த அத்தளம் ஏறத்தாழ ஆறு இலட்சம் ஏக்கர் கொண்டது. அதுவும் போதாதென்று 2008இல் கடற்படைத் திணைக்களம் விண்ணப்பஞ் செய்தது. மூன்று பட்டாளங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து இரண்டு மூன்று நாட்கள் இடையறாது முன்னேறி, உண்மையான குண்டுகளைச் சுட்டவாறே ஓரிலக்கில் வந்து கூடும் பயிற்சிக்கு இருக்கும் நிலம் இடந்தராது என்பது அவர்கள் கூறிய நியாயம். இந்நியாயத்தைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். படை வைத்திருக்கும் நாடு அதற்குப் பயிற்சியளிக்கத்தான் வேண்டும். பயிலாத படை தன் வீரரையும் கொல்லும், வழியிற் கண்ட குடிமக்களையும் கொல்லும்.

இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கின்றது. 1958இல், கிளெயர் எங்கிள் என்னும் கலிபோர்ணியப் பிரதிநிதியின் பெயரால் வழங்கும் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. போரோ தேசிய அவசரநிலையோ இல்லாத காலத்தில், ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்கென 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பொதுநிலத்தை ஒதுக்க வேண்டுமாயின் கொங்கிரஸ் சபை சட்டமியற்றியே ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்னர் நிருவாகக் கட்டளைகளாலேயே பெருநிலங்கள் படையினர் வசமாயின. எங்கிள் சட்டத்தின் பின்னர், தளபதி எத்துணை பெரியவராயினும் மக்கள் பிரதிநிதிகளின் முன்னே வந்து, ஏன் வேண்டும், எவ்வளவு வேண்டும், எத்தனை காலத்துக்கு வேண்டும் என்று விடை கூறியாக வேண்டும்.

அப்படி விடை கூற நேர்ந்ததன் பயனைக் காண்போம். 2013 பெப்ரவரியிற் கடற்படைத் திணைக்களம் வெளியிட்ட தீர்மானத்தின்படி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 146,000 ஏக்கர் படையினரின் திட்டத்துக்குள் அடங்கும். அதில் 38,000 ஏக்கரளவில் ஆண்டுக்குப் பத்து மாதம் பொதுமக்கள் செல்லலாம். வண்டியோட்டிகள் கொதித்தெழுந்தனர். அப்பகுதியின் பிரதிநிதியான போல் குக் அவர்களின் வழக்கைக் கையிலெடுத்தார். அவர் யார்? மரைன் படையிலேயே நெடுங்காலம் பணியாற்றிக் கேணல் பதவியோடு ஓய்வுபெற்றவர். தாம் அணிந்த சீருடைக்கு எதிராக அல்ல, அச்சீருடையின் தேவையை அறிந்தவராகவே அவர் பேசினார். அதனாற் சபையில் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட பாதுகாப்புச் சட்டத்தில், ஏறத்தாழ 43,000 ஏக்கர் வாகன விளையாட்டுக்கென்றே பெயர் குறித்து ஒதுக்கப்பட்டது. மேலும் 53,000 ஏக்கர் இருசாராரும் பகிரும் நிலமாயிற்று. எஞ்சியதே படையினரின் தனியுரிமை.

இதனை இருதரப்பாருக்கும் பெருவெற்றியென்று கொண்டாடியோர் பலர். வழக்கறிஞனின் கண்கொண்டு பார்த்தால் அவ்வளவு இனிக்கவில்லை. திணைக்களமே கொடுக்க முன்வந்ததற்கு மேலாக மக்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 15,000 ஏக்கர் மட்டுமே. இரண்டு மாதம் படைக்கு, பத்து மாதம் மக்களுக்கு என்ற பங்கீடும் திணைக்களத்தின் ஏட்டில் முன்னரே இருந்தது. அப்படியாயின் கொங்கிரஸ் செய்ததுதான் என்ன? ஒரு திணைக்களத்தின் வாக்குறுதியைச் சட்டமாக்கியது. முப்பது நாட் கொண்ட இரு தவணைகளுக்கு மேல் பகிர்நிலத்தைப் படையினர் பயன்படுத்தலாகாது. வெடியாமல் எஞ்சக்கூடிய குண்டுகளை அங்கே பாவிக்கலாகாது என்று எழுதிவைத்தது. வாக்குறுதியைப் புதிய தளபதி ஒருவர் ஒரு கடிதத்தால் மாற்றலாம். சட்டத்தை மாற்ற அவர் மீண்டும் சபைக்கு வர வேண்டும். பதினையாயிரம் ஏக்கரிலும் பெறுமதியுள்ள வெற்றி இதுவே என்பது என் துணிபு.

வெடியாத குண்டைப் பற்றிய வாசகத்தை வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலப்பை முனையில் எறிகணை தட்டுப்படும் அச்சத்தோடு உழுதவர்கள் நாம். ஒரு நிலத்தில் ஒரேயொரு குண்டு வெடியாமற் கிடந்தாலும், பத்து மாதம் உங்களுக்கு என்று எழுதிக் கொடுத்த பத்திரம் வெறுங் கடதாசியே. நாட்கணக்கைக் காட்டிலும் இந்தத் தடையே பகிர்வுக்கு உயிர்நிலை.

அதே 2013ஆம் ஆண்டு ஏப்பிரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டும் சமமான வழக்குகள் அல்ல. அங்கே பொதுநிலமும் பொழுதுபோக்கும். இங்கே தோம்பும் உறுதியும் உள்ள தனியார் வளவுகள், கிணறுகள், கோவில்கள். ஆயினும் நமது 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி, பகிரங்க தேவைக்குக் காணி வேண்டுமென்று தொடக்கி வைக்க அமைச்சர் ஒருவரின் தீர்மானமே போதும். ஏக்கர் எத்தனையாயினும் பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. மனிதர் வாழாத மணலுக்குக் கூட அங்கே ஐயாயிரம் ஏக்கர் என்றொரு வரம்பு இருக்கின்றது!

எனினும் வண்டியோட்டிகளை முற்றாகக் குற்றமற்றவர்களாக நிறுத்த நான் வரவில்லை. 2010 ஓகஸ்ட் 14ஆந் திகதி அப்பள்ளத்தாக்கில் நடந்த இரவோட்டம் ஒன்றில், வண்டியொன்று தடம்மாறிக் கூட்டத்துள் பாய்ந்து எட்டுப் பேரைக் கொன்றது. அனுமதி கொடுத்த பணியகம் தன் பாதுகாப்பு விதிகளையே பின்பற்றவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. பாலைநிலம் தாங்கும் வலிமையும் நாம் நினைப்பதன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் பற்றனின் படைகள் மொஹாவேயில் ஓட்டிய தாங்கிகளின் தடங்கள் எண்பது ஆண்டுகள் கழிந்தும் ஆங்காங்கே அழியாது கிடக்கின்றன. அப்பள்ளத்தாக்கின் அயலிலேயே, பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதென அறிஞர் கணிக்கும் கிரியோசோற்றுப் புதரொன்று வளையமாகப் படர்ந்து நிற்கின்றது. சக்கரம் ஒரு நொடியில் உடைப்பதை அந்த மண் ஒரு தலைமுறையிலும் கூட்டிச் சேர்ப்பதில்லை.

அடுத்தது ஆமை. பாலைவன ஆமை 1990 முதல் அழிவை எதிர்நோக்கும் உயிரினமாகச் சட்டத்தாற் காக்கப்படுவது. மரைன் தளத்தின் புதிய நிலங்களிலிருந்து 2017இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகளைப் பிடித்து வேறிடங்களுக்குக் கொண்டு சென்றனர். 2008இல் அயலிலுள்ள இராணுவத் தளமொன்றுக்காக இவ்வாறு பெயர்க்கப்பட்ட அறுநூற்றுக்கு மேற்பட்டவற்றிற் பலவற்றைக் கயோட்டி என்னும் நரியினம் தின்றுவிட்டது. பிறந்த வளையை விட்டுப் பெயர்க்கப்பட்ட உயிருக்குப் புது இடத்தில் ஒளிக்க இடந் தெரிவதில்லை.

இன்னுமொன்று. ‘பொதுநிலம்’ என்ற சொல்லைக் கேட்டு நாம் மயங்கலாகாது. அப்பாலையில் செறானோ, செமஹுவேவி என்னும் ஆதிக்குடிகள் நீரூற்றுகளை அண்டி வாழ்ந்தனர். 1851, 1852ஆம் ஆண்டுகளிற் கலிபோர்ணியாவின் ஆதிக்குடிகளோடு செய்த பதினெட்டு உடன்படிக்கைகளையும் செனற் சபை ஏற்க மறுத்தது. கையெழுத்திட்டவர்கள் நிலத்தை இழந்தனர். அதன் பின்னரே அது பொதுமக்களின் நிலமாயிற்று.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பகிர்நிலத்தை மேற்பார்வை செய்ய ஒரு குழுவை அமைத்துள்ளது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். பொதுமக்களுக்கு அறிவித்தல் கொடுக்கும் ஒழுங்குகளையும் செய்ய வேண்டும். ஆனால் அக்குழுவில் அமர்ந்திருப்போர் உள்நாட்டுத் திணைக்களத்தின் பிரதிநிதிகளும் கடற்படைத் திணைக்களத்தின் பிரதிநிதிகளுமே. வண்டியோட்டிகளிடமும் இயற்கை காப்போரிடமும் கருத்துக் கேட்கப்படும், வாக்கு அவர்களுக்கில்லை. இதுவே அச்சட்டத்தின் பெருங்குறை. அறுபது நாட் கணக்கைப் படை மீறினால் அதனை முதலில் அறியப்போகிறவன் வேலியோரத்தில் வண்டியோடு தடுக்கப்பட்டு நிற்பவன். அவனுக்கு அக்குழுவில் ஓர் ஆசனமும் வாக்கும் வேண்டும். பெயர்க்கப்பட்ட ஆமைகளில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்ற கணக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல் வைக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்பதற்குக் காலமும் குறிக்கப்பட்டிருக்கின்றது. படையினருக்குக் கொடுத்த ஒதுக்கீடு 2039 மார்ச் 31ஆந் திகதி முடிவடையும். அதன் பின்னரும் அந்நிலம் வேண்டுமாயின் அவர்கள் மறுபடியும் சபையின் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும்.