எல்பே நதியில் ஏர் ஸ்டோன் கிடையாது

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு நடுவே ஓடும் எல்பே நதியை மறிக்க அங்கே ஓர் அணைகூட இல்லை. செக் நாட்டின் உஸ்தி நகரருகே உள்ள ஸ்திரெகோவ் அணையைத் தாண்டிவிட்டால், ஹாம்பர்க்கை நெருங்கும்போது வரும் கேஸ்ட்ஹாஹ்ட் அணை வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் நதி தன் போக்கில் போகிறது. அருவியும் இல்லை, நுரைத்துக் கொட்டும் மதகும் இல்லை. ஆனாலும் அதில் மீன்கள் வாழ்கின்றன. பகலில் பாசிகள் ஆக்சிஜன் தருகின்றன. மற்றபடி காற்றோடு உரசி, புரண்டு புரண்டு ஓடும் மேற்பரப்பு வழியாகத்தான் நதிக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் இதற்கு நேர்மாறான நம்பிக்கைதான் வேரூன்றியிருக்கிறது. ஃபில்டரில் நீர் வெளிவரும் அவுட்லெட்டிலிருந்து குமிழி கொப்பளித்தால்தான் மீனுக்கு மூச்சு என்கிறார்கள். காற்றுக்குழாயைச் செருகி, அவுட்லெட்டை நீருக்குள் ஆழமாக இறக்கி, குமிழிகள் அடிவரை போவதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு.

முதலில் குமிழியையே எடுத்துக்கொள்வோம். சில மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி நொடிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறும். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் அதன் ஆயுள் இரண்டு நொடிதான். அதற்குள் அது நீருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் ஆக்சிஜன் சொற்பம். கழிவுநீர் நிலையங்களில் குமிழி முறை நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது, அங்கே தொட்டிகள் பல மீட்டர் ஆழம், குமிழிகளோ மிக நுண்ணியவை. வரவேற்பறைத் தொட்டியில் அந்த இரண்டு வசதியும் இல்லை. அங்கே காற்றுக்குழாயின் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் பயன்படுவது வேறு விதத்தில்: ஏறும் குமிழிகள் அடிநீரை மேலே இழுத்து வருகின்றன, மேற்பரப்பை உடைத்துக் கலக்குகின்றன. இதே வேலையைச் சரியாகத் திருப்பி வைத்த அவுட்லெட் சத்தமே இல்லாமல் செய்துவிடும்.

மீன் அடியில் இருக்கிறது, ஆகவே அவுட்லெட்டும் அடியில் இருக்கட்டும் என்பது அடுத்த வாதம். ஆக்சிஜன் நுழையும் வாசல் மேலே இருப்பதை இது மறந்துவிடுகிறது. அடியிலேயே சுழலும் நீர், ஏற்கெனவே தொட்டியில் உள்ள ஆக்சிஜனைத்தான் பங்கிட முடியும். மேற்பரப்பு அசையாமல் கிடந்தால் உணவின் எண்ணெயும் புரதமும் சேர்ந்து அங்கே ஏடு படியும். வாயுப் பரிமாற்றத்தை அது மேலும் தடுக்கும்.

மேற்பரப்பு மட்டும் அசைந்தால் போதுமா என்றால், போதாது. நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு. சற்றும் சலனமில்லாத 40 சென்டிமீட்டர் நீரில், பரவலை மட்டும் நம்பினால், மேலிருந்து அடிக்கு ஆக்சிஜன் வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். மேலே வாங்கிய ஆக்சிஜனை ஓட்டம்தான் கீழே சுமந்து செல்ல வேண்டும். அவுட்லெட்டை நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, தொட்டியின் நீளவாக்கில் வைக்கச் சொல்வது இதனால்தான். நீர் மேற்பரப்பில் சிற்றலை எழுப்பியபடி எதிர்ச்சுவர் வரை போய், மோதிக் கீழிறங்கி, அடிவழியே திரும்பி வரும். ஸ்பிரே பார் வைத்திருப்பவர்கள் அதன் துளைகளை இதே கோணத்தில் திருப்பினால் போதும். சரியாக அமைந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு சிட்டிகை உணவைத் தூவினால், அது எந்த மூலையில் தேங்குகிறது என்பதே காட்டிக்கொடுக்கும்.

இது வெறும் அனுபவக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ நதியை ஆராய்ந்த ஸ்டிரீட்டரும் ஃபெல்ப்ஸும், ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனை மீட்டுக்கொள்ளும் விதத்தை 1925இல் சமன்பாடாக்கினர். 1958இல் ஓ'கானரும் டாபின்ஸும் அதில் ஓட்ட வேகத்தையும் ஆழத்தையும் சேர்த்தனர். வேகம் கூடினால் மீட்பு கூடும்; ஆழம் கூடினால் அதைவிட வேகமாகக் குறையும். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில் உயரமானதைவிட அகலமானது மீனுக்கு நல்லது என்பதும் இங்கிருந்தே புரியும். உயரத் தொட்டிகளை அழகுக்காக விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

செடி இருந்தால் ஓட்டமே தேவையில்லை என்ற கருத்துக்கு டிரெஸ்டன் வட்டாரத்திலேயே ஒரு வேர் உண்டு. நகரை ஒட்டிய தராண்ட் வனவியல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் ஏமில் அடோல்ஃப் ரோஸ்மேஸ்லர். 1856இல் 'கார்ட்டன்லௌபெ' இதழில் அவர் எழுதிய 'கண்ணாடிக்குள் ஏரி' என்ற கட்டுரைதான் ஜெர்மானிய வீடுகளுக்குள் மீன்தொட்டியைக் கொண்டுவந்தது. செடியும் மீனும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் 1850இலேயே அதைச் சோதித்துக் காட்டியிருந்தார். பகலுக்கு அது உண்மை. விளக்கணைந்தால் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை உட்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. அடர்ந்த செடித்தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். 1864இல் ஹாம்பர்க் விலங்குக் காட்சிச்சாலையிலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய காட்சித்தொட்டிகளை அமைத்த வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட், செடியை மட்டும் நம்பாமல் நீரை ஓயாமல் சுற்றவிடும் முறையைக் கையாண்டார்.

மேற்பரப்பைக் கலக்கினால் கரியமில வாயு வெளியேறிச் செடி வாடும் என்ற அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. சிலிண்டரிலிருந்து வாயு செலுத்தி லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் வைத்திருப்பவர்களுக்கு இழப்பு நிச்சயம். அவர்களும் இரவில் வாயுவை நிறுத்தி அவுட்லெட்டை உயர்த்தலாம். சிலிண்டர் இல்லாத தொட்டியில் இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வாயு நிறைந்தால் இன்னொன்றுக்கு இடமில்லை என்பதும் தவறு. ஒரே நீரில் இரண்டும் தாராளமாக இருக்க முடியும்.

ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே சென்னைக்குக் கொண்டுவருவதிலும் சிக்கல் உண்டு. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6தான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடுகிறது. விராலும் பனையேறியும் காற்றையே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். 'மிஸ் கேரளா' என்ற தொட்டிமீன் அப்படியல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஓடைகளில் பிறந்த இனம் அது. ஜெர்மானிய வீட்டில் மெல்லிய சிற்றலை போதுமென்றால், சித்திரை வெயிலில் இங்கே மேற்பரப்பு முழுதும் நன்றாகத் துடிக்க வேண்டும். ஆவியாகி நீர்மட்டம் இறங்கும்போது அவுட்லெட்டின் கோணம் மாறிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை நீரை நிரப்பிச் சரிபார்ப்பது அவசியம்.

மின்வெட்டு நேரத்தில்தான் ஏர் பம்ப் தன் உண்மையான மதிப்பைக் காட்டுகிறது. பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் ஒன்று, ஃபில்டர் நின்ற தொட்டியின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும். தொட்டிக்கு வெளியே மூடிய கலனாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றால், அதற்குள் பாக்டீரியாக்கள் இருந்த ஆக்சிஜனையும் தின்று தீர்த்திருக்கும். மின்சாரம் வந்ததும், அதில் தேங்கிய நீரைத் தொட்டிக்குள் விடாமல் முதலில் வாளியில் கொட்டிவிட வேண்டும்.