இழுக்கும் நாயும் இழுபடும் மனிதரும்

விடியற்காலையில் ரிட்ஜ் பக்கம் உலாவப் போகும் அன்பர்கள் இந்தக் காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. முன்னால், மூச்சுத் திணறத் திணற, கழுத்து நெரிய ஒரு நாய். பின்னால், குதிகாலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, கயிற்றோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதர். யாரை யார் உலாவ அழைத்து வந்திருக்கிறார்கள் என்று வழிப்போக்கனுக்கு விளங்குவதில்லை. நாமும் சிரித்துவிட்டுப் போகிறோம். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமன்று என்பது என் கட்சி.

நான் குடியிருந்த வீட்டில் மோதி என்று ஒரு லாப்ரடார் நாய் இருந்தது. எனக்கு மொட்டைமாடி அறை. இந்த ஊரில் பர்சாத்தி என்பார்கள். வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டதால், காலையும் மாலையும் நாயை வெளியே அழைத்துப்போகக் கட்டோலிக்காரரின் மகன், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். ஒரு நாள் மோதி இழுத்த இழுப்பில் அவன் சாலையில் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். அன்றோடு உலா நின்றது. நாய் மாடிப்படியின் கீழ் சங்கிலியில் கிடந்தது, பகலெல்லாம் குரைத்தது. இளைஞனுக்குச் சம்பளம் போயிற்று. எனக்குப் படிப்புப் போயிற்று. இழுக்கிற நாய் உலாவை இழக்கிறது. உலாவை இழந்த நாய், பிறகு ஒரு நாள் அவிழ்த்துவிட்டால் முன்னிலும் பத்து மடங்கு இழுக்கிறது. நம் நாட்டில் எத்தனையோ நாய்கள் வாழ்நாள் முழுவதும் வாசற்படியில் கட்டுண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

சரி, நாய் ஏன் இழுக்கிறது? திமிரினாலா? அன்று. அதன் இயல்பான நடை நம் நடையைவிட வேகமானது. உலகத்தை அது மூக்கினால் படிக்கிறது. பத்தடி தூரத்து மரத்தில் நேற்றிரவுச் செய்தியெல்லாம் எழுதியிருக்கிறது. அது இழுக்கிறது, நாம் ஓர் அடி வைக்கிறோம், மரம் அருகில் வருகிறது. இழுத்தால் மரம் வரும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. கயிறு விறைப்பாக இருக்கும்போது நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் அதன் இழுப்புக்கு நாம் கொடுக்கும் கூலி. தினமும் கூலி கொடுத்து இழுக்கப் பழக்கிவிட்டு, இழுக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம்!

ஆகவே பரிகாரமும் கூலியில்தான் இருக்கிறது. ஆறடிக் கயிறு போதும். அது ஊஞ்சல் கயிறுபோல் நடுவில் தொய்ந்திருக்கும் வரை நடக்க வேண்டும். விறைத்த கணமே மரம்போல் நின்றுவிட வேண்டும். அதட்டக் கூடாது, வெடுக்கென்று சுண்டக் கூடாது. வெறுமே நிற்க வேண்டும். நாய் திரும்பிப் பார்க்கும், அல்லது ஓர் அடி பின்வாங்கும். கயிறு தளர்ந்ததும் நடை. நம் முழங்காலை ஒட்டி வரும்போது ஒரு துண்டு ரொட்டியோ வேகவைத்த கோழியோ கொடுக்கலாம். ரொட்டியைவிடப் பெரிய கூலி ஒன்று உண்டு: தளர்ந்த கயிற்றோடு பத்தடி வந்தால், அது விரும்பும் மரத்தடிக்கே போய் முகரவிடுவது.

முதல் நாள் நானும் அந்த இளைஞனும் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக்குப் போகவில்லை. பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். "அண்ணா, நாம் நாயைப் பழக்குகிறோமா, நாய் நம்மைப் பழக்குகிறதா?" என்றான் அவன். நியாயமான கேள்வி. ஒன்பது நாள் நின்றுவிட்டு, பத்தாம் நாள் அவசரம் என்று நாயின் பின்னால் ஓடினால் காரியம் கெட்டது. எப்போதும் கிடைக்கும் பலனைவிட எப்போதாவது கிடைக்கும் பலனே ஒரு பழக்கத்தை நெடுங்காலம் உயிரோடு வைத்திருக்கும் என்பதை அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர் போன்றோர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு விளக்கியிருக்கிறார்கள். சீட்டாடுகிறவர்களைப் பார்த்த நமக்கு அதற்குப் புறாவும் வேண்டியதில்லை.

"இத்தனை பொறுமை எதற்கு? இறுகும் சங்கிலி ஒன்றை மாட்டு, யார் எஜமான் என்று காட்டு" என்பார் சிலர். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்வதுபோல் நாமும் ஆள வேண்டுமாம். அந்தத் தலைவன் கதையைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970-ல் எழுதிய டேவிட் மீச் என்பவரே, 1999-ல், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பந்தான் என்று எழுதிவிட்டார். சங்கிலிக்காரர்கள் இன்னும் பழைய பதிப்பையே படித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துப்பட்டையோடு நாய் இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது, மார்புப்பட்டையோடு இழுக்கும்போது அவ்வாறு உயரவில்லை என்று 2006-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் மார்புப்பட்டையும் மந்திரமன்று. முதுகில் வளையம் உள்ளதை மாட்டினால் நாய் இன்னும் சௌகரியமாக இழுக்கும். பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பூட்டுவதும் அவ்வகைதானே! மார்பின் முன்புறம் வளையம் உள்ளதே நமக்கு உதவும். தானே நீண்டு சுருங்கும் சுருள் கயிற்றை நான் வெறுக்கிறேன். அது எந்நேரமும் விறைப்பாகவே இருந்து, இழுத்தால் நீளும் என்ற பாடத்தையே நடத்துகிறது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிகளுக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசே பொறுப்பேற்பதாகச் சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தக்க நடைப்பயிற்சி அளிக்காத உடைமையாளர் குற்றவாளி என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இன்று நம் கான்டீனில் இரண்டு பேர் சிற்றுண்டி அருந்தவும் அது போதாது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களில் சிலர் வீட்டில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ தூணில் கட்டுண்டு கிடக்கலாம். முயலைத் துரத்திப் பிடிக்கவென்றே வளர்த்த இனம் சிப்பிப்பாறை; அதற்குத் தூண் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம், காலையில் அரை மணி நேரம் போதும், தொடங்கி வைக்க. தங்கைக்கோ தம்பிக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம்.

மோதிக்கு மூன்று வாரம் ஆயிற்று. வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மறுநாளே அந்த இளைஞனைப் பழைய சம்பளத்துக்கு வரச் சொன்னார். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ரிட்ஜில் குரங்கைக் கண்டால் மோதி இன்னும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அப்போது அவன் நின்றுவிடுகிறான். குரங்கு மரமேறிப் போன பின், கயிறு தளர்கிறது.