பொறி முதலில் பேச்சில் பிறக்கின்றது

ஒரு பொறி எங்கே பிறக்கின்றது? பட்டறையிலே என்பர் சிலர். வரைதாளிலே என்பர் வேறு சிலர். இரண்டும் அரையுண்மையே. மாணவர் சிலர் ஒரு பலகையைச் சூழ்ந்து நிற்கின்றனர். “கை நீண்டு பந்தை எடுக்கட்டும்” என்கின்றான் ஒருவன். “நீண்டால் முன்புறம் கனத்துக் கவிழும்” என மறுக்கின்றாள் மற்றொருத்தி. “மின்கலத்தைப் பின்னே தள்ளி வைத்தால் கவிழாது” எனத் திருத்துகின்றான் மூன்றாமவன். இரும்பும் செம்பும் இன்னும் தொடப்படாத அந்த நேரத்திலேயே, அச்சொல்லாட்டத்தின் நடுவில், பொறி பிறந்துவிடுகின்றது. பின்னர் நடக்கும் அறுத்தலும் துளைத்தலும் பற்றவைத்தலும் அதனை வளர்க்கும் வேலைகளே. ஆகவே, பட்டறையின் முதற்கருவி மொழியே ஆகும். இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள் எந்திரன்களைச் செய்கின்றன. உணராத நாடுகள் அவற்றை விலைகொடுத்து வாங்குகின்றன.

சப்பான் நாட்டில் 1962 முதல் உயர்தொழிற் கல்லூரிகள் இயங்கி வருகின்றன. பதினைந்து அகவையில் அவற்றுட் புகும் மாணவர் ஐந்தாண்டு பொறியியல் பயில்வர். இக்கல்லூரி மாணவர்க்கென 1988-ஆம் ஆண்டு, அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே., எந்திரன் போட்டியொன்றைத் தொடங்கியது. முதலாண்டுப் போட்டி மிக எளியது; உலர்மின்கலங்களால் ஓடும் வண்டிகளின் விரைவோட்டம். அவ்வெளிய வித்து இன்று பெருமரமாகி நிற்கின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் அணிகள் ஆண்டுதோறும் களம் புகுகின்றன.

அவ்வணிகள் போட்டிக்கு அணியமாகும் முறை அறியத்தக்கது. இளவேனிலில் அவ்வாண்டுக்குரிய ஆட்டநெறி அறிவிக்கப்பெறும். ஒவ்வோராண்டும் அது புதியது. சென்ற ஆண்டின் பொறியைத் துடைத்தெடுத்துக்கொண்டு எவரும் வர இயலாது. அன்று முதல் கருத்துவேட்டை தொடங்கும். பதினைந்து அகவைச் சிறுவனும் இருபது அகவை இளைஞனும் ஒரே அணியில் இருப்பர். மூத்தவன் தான் பட்ட தோல்விகளை இளையவனுக்குச் சொல்வான். இளையவன் மூத்தவன் எண்ணாத ஒன்றைக் கேட்பான். அட்டையில் வெட்டிய மாதிரி, பின்னர் மரம், பின்னர் இரும்பு என்று பொறி உருப்பெறும். கோடை விடுமுறை பட்டறையிலேயே கழியும். இலையுதிர் காலத்தில் எட்டு மண்டிலங்களில் தகுதிப் போட்டி. அதில் தேறியோர் தோக்கியோவின் மற்போர் அரங்கத்தில் நடைபெறும் இறுதிப் போட்டிக்குச் செல்வர். ஆட்டமோ சில நிமையங்களே. அச்சில நிமையங்களுக்கு அரையாண்டு உழைப்பு!

இப்போட்டிக்கு வித்திட்டவர் பேராசிரியர் மசாகிரோ மோரி. போட்டியின் பயன் வெல்வதிலன்று, ஒன்றைச் செய்துபார்ப்பதால் உள்ளம் வளர்வதிலேயே உள்ளது என்பது அவர்தம் கொள்கை. அதற்கேற்ப, அங்கே தலைசிறந்த பரிசு வெற்றிபெற்ற அணிக்கே உரியது எனும் கட்டாயமில்லை. தோற்ற அணியின் பொறியாயினும், அதன் கருத்து புதுமையும் அழகும் உடையதாயின் பெரும்பரிசு அதற்கே.

இனி, தமிழர் கருத வேண்டிய செய்திக்கு வருவோர், அப்பட்டறையில் ஒலிக்கும் மொழி எது எனக் கேட்க வேண்டும். அது சப்பானியமே. பாடமும் அதுவே, பூசலும் அதுவே, குறிப்பேடும் அதுவே. திருகாணியை அவர்கள் ‘நெசி’ என்பர். திருகுதல் எனும் பொருளுடைய அவர்தம் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் திருகு என்பதிலிருந்து திருகாணி பிறந்தவாறே! பல்லுருளிக்கு அவர்கள் வைத்த பெயரைப் பிரித்தால் பல் என்றும் உருளி என்றும் நிற்கும். மின்கலத்தின் பெயர் மின்குளம் எனப் பொருள்படும். பெயரைக் கேட்ட அளவில் சிறுவனுக்குப் பொருளின் தொழில் பாதி விளங்கிவிடுகின்றது. பொருள் விளங்காப் பெயரை மனப்பாடம் செய்யும் சிறுவனோ, பெயரைக் கற்க ஒரு முறையும் பொருளைக் கற்க ஒரு முறையுமாக இரட்டைச் சுமை சுமக்கின்றான்.

“சப்பானியரும் உரோபோ, மோட்டார் எனப் பிறமொழிச் சொற்களை ஆளுகின்றனரே” என ஒருவர் வினவலாம். உண்மையே, மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர்கள் அவற்றை எழுதும் எழுத்து வகையே வேறு. வந்த சொல் வந்த சொல்லாகவே கண்ணுக்குத் தெரியும். அன்றியும், சில சொற்களைக் கடன் வாங்குவது வேறு. சிந்தனை முழுவதையும் அடகு வைப்பது வேறு.

‘உரோபோ’ எனும் அச்சொல்லின் பிறப்பே ஒரு பாடமாகும். 1920-இல் செக்கு மொழி எழுத்தாளர் காரெல் சாப்பெக்கு தம் நாடகமொன்றில் செயற்கை உழைப்பாளரைப் படைத்தார். அவர்களுக்கு இலத்தீன் சாயலில் ஒரு பெயரிட முதலில் எண்ணினார். அஃது ஏட்டுச்சொல்லாய் ஒலித்தமையால் அவருக்கு நிறைவில்லை. ஓவியரான அவர்தம் உடன்பிறந்தார் யோசெப்பு, கட்டாய உழைப்பு எனும் பொருள்தரும் தாய்மொழிச் சொல்லிலிருந்து ‘ரோபோட்’ என ஆக்கித் தந்தார். செக்கு மக்கள் 1918 வரை ஆத்திரியப் பேரரசுக்கு அடங்கியிருந்த சிறிய இனத்தவர். விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே, உழவர் நாவில் வழங்கிய சொல் உலகச் சொல்லாயிற்று. தாய்மொழிச் சொல் பட்டிக்காட்டுச் சொல் என நாணும் தமிழர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து வியத்நாம். சப்பானிய வித்திலிருந்து கிளைத்து, 2002 முதல் ஆசிய-பசிபிக்கு நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்க்கான எந்திரன் போட்டி நடந்து வருகின்றது. தோக்கியோவில் நடந்த முதற்போட்டியிலேயே வென்றது ஓச்சிமின் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி. பின்னர் 2004, 2006, 2014, 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வியத்நாமிய அணிகளே வென்றன. நெடும்போரால் எரிந்து கரிந்த நாடு, செல்வ வளமிக்க நாடுகளைப் பதினேழு ஆண்டுகளுக்குள் ஏழு முறை வென்றது.

அவ்வெற்றிக்குப் பின்னே ஒரு நூல் இருக்கின்றது. பிரான்சில் பொறியியல் பயின்ற ஓவாங் சுவான் ஆன் எனும் அறிஞர், நாடு பிரெஞ்சுக்காரர் பிடியில் இருந்த 1942-இல், கணக்கு, இயற்பியல், வேதியியல், இயக்கவியல், வானியல் ஆகிய துறைகளுக்குத் தம் தாய்மொழியில் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். 1945-இல் அவரே கல்வியமைச்சராகித் தாய்மொழிவழிக் கல்விக்குத் திட்டம் வகுத்தார். அதன்பின் அந்நாட்டில் பள்ளியும் பல்கலைக்கழகமும் படிப்படியாக வியத்நாமிய மொழிக்கு மாறின. மொழி ஒன்றே வெற்றி தந்தது என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். அரசின் ஊக்கமும் மாணவர் உழைப்பும் உடனிருந்தன. ஆயினும் அவ்வுழைப்பின் வழியில் மொழி தடைக்கல்லாகக் கிடக்கவில்லை என்பது உறுதி.

தமிழிலோ சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1938-லேயே கலைச்சொற்கள் எனும் தொகுப்பு வெளிவந்தது. வியத்நாமியருக்கு நான்காண்டு முன்னே! முன்னே கிளம்பியவர் வழியிலே அமர்ந்துவிட்டனர். பின்னே வந்தவர் ஊர் போய்ச் சேர்ந்தனர். அவர்கள் சொல்லை ஆக்கிப் பட்டறைக்கு அனுப்பினர். தமிழர் சொல்லை ஆக்கி நூலகத்தில் அடுக்கினர். அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியதே 2010-இல்தான்.

இதனால் விளையும் கேடு யாது? தமிழகக் கல்லூரி அணியொன்றின் பட்டறையை எண்ணிப் பார்க்க. கொல்லன் மகன் ஒருவன் அங்கே இருக்கின்றான். இரும்பு எவ்விடத்தில் வளையும், எவ்விடத்தில் ஒடியும் என்பதை அவன் கை அறியும். ஆனால், கலந்தாய்வு ஆங்கிலத்தில் நடக்கின்றது. அவன் வாய் திறப்பதில்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவன் திட்டம் வகுக்கின்றான். கை தேர்ந்தவன் திருகாணி முடுக்குகின்றான். பொறி கவிழும் என்பது அவனுக்கு முன்பே தெரியும், சொல்லத்தான் மொழியில்லை. பொறியும் கவிழ்கின்றது. மூளைக்கு ஒரு கூட்டம், கைக்கு ஒரு கூட்டம் என மாந்தரைப் பிரித்த பழங்கொடுமை, ஆங்கிலத்தின் வழியாக மீண்டும் பட்டறைக்குள் நுழைகின்றது. தமிழ்வழி பற்றிய வழக்கு வெறும் மொழிப்பற்று வழக்கன்று. ஊமையாக்கப்பட்ட அம்மாணவனின் உரிமை வழக்கு.

சொல்லில்லையோ தமிழில்? மாட்டுவண்டியின் உருளியொன்றைத் தச்சன் காட்டினால், நடுவில் குடம், அதனின்று கிளைக்கும் ஆரக்கால், சுற்றிலும் வட்டை, ஊடே அச்சு, கழலாது காக்கும் கடையாணி எனப் பெயர்களை அடுக்குவான். எந்திரனின் உருளிக்கும் இவ்வுறுப்புகளே. மரை, மரையாணி, கப்பி, நெம்புகோல், அரம், தமரூசி என்பன பட்டறையில் வாழ்ந்த சொற்கள். மின்னோடி, உணரி, நிரல், மின்சுற்று என்பன புதியனவாக ஆக்கப்பட்டு ஆட்சிக்கு வந்தவை. இரண்டையும் சேர்த்தால் ஓர் எந்திரனை அடிமுதல் முடிவரை தமிழிலேயே சொல்லிச் செய்துவிடலாம்.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின்மேல் தானே வளைந்து அம்பெய்யும் பொறி கூறப்பட்டுள்ளது. புறநானூற்றில் கரும்பு பிழியும் பொறி எந்திரம் எனப்பட்டுள்ளது. இவற்றை மேடைதோறும் முழங்கிக் கைதட்டல் பெறுவோர் பலர். முழங்குக, பிழையில்லை. ஆனால், முழங்கியவர் தம் மகனை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு முழங்குவாராயின், அம்முழக்கத்தால் ஒரு திருகாணியும் முடுகாது.

“பன்னாட்டுப் போட்டியின் நெறிகள் ஆங்கிலத்தில் உள்ளனவே, ஆங்கிலமின்றி எவ்வாறு செல்வது?” என்பர் சிலர். ஆங்கிலம் கற்க வேண்டா என எவரும் கூறவில்லை. வெளியூர் செல்லச் செருப்பு வேண்டும். அதற்காக வீட்டிலும் செருப்போடு உறங்குவாரில்லை. நெறியைப் படிக்க ஆங்கிலம் போதும். நெறிக்குள் நின்று புதுமை காண எண்ணும் மொழி வேண்டும்.

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் எந்திரன் அணியின் கலந்தாய்வும் குறிப்பேடும் தமிழிலேயே அமைதல் வேண்டும்; கருவிகளின் தமிழ்ப்பெயர்கள் பட்டறைச் சுவரில் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, தமிழாசிரியர் பட்டறைக்குள் செல்லுதல் வேண்டும். தச்சரிடமும் கொல்லரிடமும் சொல் தொகுத்து மாணவர் கையில் தருதல் வேண்டும். மூன்றாவது, தமிழகத்திற்கெனத் தமிழ்வழியில் ஒரு போட்டி வேண்டும். ஆசிய-பசிபிக்குப் போட்டியில், நடத்தும் நாடு தன் மரபிலிருந்தே ஆட்டத்தை வகுக்கின்றது. கெய்ரோவில் 2010-இல் கூர்ங்கோபுரம் கட்டினர். பாங்காக்கில் 2011-இல் நீரில் விளக்கு மிதக்கவிடும் விழாவை ஆட்டமாக்கினர். பூனேயில் 2008-இல் வடபுலத்து வெண்ணெய்ப்பானை விளையாட்டு ஆட்டமாயிற்று. தமிழர்க்கு வழுக்குமரம் இல்லையா? பல்லாங்குழி இல்லையா? வழுக்குமரம் ஏறும் எந்திரனும், காய் எண்ணிக் குழி நிரப்பும் எந்திரனும் தமிழ் மாணவர் கையாற் பிறக்கட்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பலகையும் சில மாணவரும் நாணாத நாவும் போதும். அடுத்த போட்டிக்கு அணியமாகும் தமிழ் மாணவர் அணி, முதல் நாளில் பலகையைச் சூழ்ந்து நிற்கும்போது, ஊமையாய் நின்ற அக்கொல்லன் மகன் வாய் திறந்து, “இது கவிழும், நான் சொல்கிறேன் கேள்” எனத் தமிழில் கூறுவானாக! அவன் சொல் கேட்கப்படும் நாளே தமிழர் தம் பொறியைத் தாமே செய்யத் தொடங்கும் நாள்.