கோபத்துக்கு வாசல்லயே ஒரு இடம்!

காலை 7.40 பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும் கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே... ஜிபே-யில் அனுப்பலாம் என்றால் ஆலப்பாக்கம் தாண்டும் வரை போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேலைக்குப் போய்ச் சேரும்போது 20 நிமிஷம் லேட். 'இன்னிக்கும் லேட்டா?' என்ற ஒரு கேள்வியோடு நாள் ஆரம்பிக்கிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய்வரும் ஒரு அம்மாவின் திங்கட்கிழமை இது. மேலவீதி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை. போக வர கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். சாயங்காலம் அதே கூட்டம், அதே சில்லறைச் சண்டை. வீட்டுக்குள் காலை வைத்ததும் எட்டாவது படிக்கும் மகன் கண்ணில் படுகிறான். ஷூவைக் கழற்றிய இடத்திலேயே போட்டிருக்கிறான். அவ்வளவுதான். கண்டக்டர், முதலாளி, நெட்வொர்க் என்று அன்றைக்கு யாரிடமும் காட்ட முடியாத கோபமெல்லாம் அந்த ஒரு ஜோடி ஷூ மேல் இறங்குகிறது.

'யார் மேலயோ இருக்கிற கோவத்தை ஏம்மா புள்ள மேல காட்டுற?' என்று ஆயா கேட்பார். கேட்டால் கோபம் இன்னும் கூடும்.

இப்படி ஒரு வாரம் ஓடிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் மகனும் நடராஜர் கோயிலுக்குப் போனார்கள். மேலக்கோபுரத்தின் கீழே அம்மா வழக்கம்போலச் செருப்பு விட இடம் தேடிக்கொண்டிருந்தார். மகன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

'அம்மா, அங்க பாரேன். நீ பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற மாதிரியே இருக்கு!'

அவன் காட்டியது துவாரபாலகரை. பிதுங்கிய கண், கோரைப்பல், ஆள்காட்டி விரலை உயர்த்தி 'ஜாக்கிரதை' என்று எச்சரிக்கும் கை. வருஷக்கணக்காக அந்த வழியே போய்வந்தும் அம்மா அந்த முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சிதம்பரம் கோயிலின் நான்கு கோபுரங்களுக்கும் ஏழு ஏழு நிலை. கீழ்ப்பகுதி கருங்கல், நுழைவாயிலின் உட்சுவர்களில் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள், செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே போகப் போக செங்கல்லும் சுதையும். அந்தச் சுதைச் சிற்பங்களுக்குத்தான் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம். ஒவ்வொரு நிலையின் வாசலிலும் இரண்டு பக்கமும் காவலர்கள். அத்தனை உயரத்தில் இருக்கும் ஒரு முகம் கோபமாக இருப்பது வீதியில் நிற்பவருக்குத் தெரிய வேண்டுமானால் கண்ணின் வெள்ளையும் வாயின் சிவப்பும் பளிச்சென்று இருக்க வேண்டும். கோபுர வண்ணம் 'ரொம்ப தூக்கல்' என்று சொல்பவர்கள், ஒருமுறை வீதியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் காரணம் புரியும்.

மகனுக்கு இன்னொரு ஞாபகமும் வந்தது. போனில் அவன் பார்த்த ஹாக்கா வீடியோ. 2024 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஹானா-ராவிட்டி மைபி-கிளார்க் என்ற இளம் எம்.பி., மசோதா நகலைக் கிழித்துவிட்டு ஹாக்கா முழங்கினாரே, நம்மூர் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்த அதே வீடியோதான். 'அதே கண்ணும்மா!' என்றான்.

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவர் மவோரி இனத்தவர். கண்ணை உருட்டி விழிப்பதற்கு அவர்கள் மொழியில் 'பூகானா' என்று பெயர். நாக்கை நீட்டுவது வழக்கப்படி ஆண்களுக்கு உரியது. ஹாக்கா என்றால் கோபம் மட்டுமில்லை; வரவேற்பு, துக்கம், கொண்டாட்டம் எல்லாவற்றுக்கும் ஹாக்கா உண்டு. அதே விழித்த கண்ணையும் நீட்டிய நாக்கையும் அவர்களுடைய மரச்சிற்பங்களிலும் பார்க்கலாம். ரோட்டோருவா நகரின் ஒஹினெமுட்டு கிராமத்தில் ஏரிக்கரையோரம் இருக்கும் சபை வீட்டின் முகப்பில் செக்கச்செவேலென்ற சிற்பங்கள் நிற்கின்றன. கண்ணுக்குப் 'பாவா' என்ற கடல் சிப்பி பதித்திருப்பார்கள். வெளிச்சம் பட்டால் நீலமும் பச்சையுமாக மின்னும்.

அதே ரோட்டோருவாவின் தெற்கு நுழைவில், வண்டிகள் சுற்றிப் போகும் ஒரு ரவுண்டானாவின் நடுவே 2020-ல் 12 மீட்டர் உயரச் சிற்பம் ஒன்றை நிறுவினார்கள். பெயர் 'தே ஆஹி டுபுவா'. மலை உச்சியில் குளிரில் விறைத்துப்போன மூதாதை ஒருவர் உதவி கேட்டுக் கூப்பிட, தூர தேசத்திலிருந்து அவருடைய சகோதரிகள் நெருப்பு அனுப்பிய கதையைச் சொல்லும் சிற்பம் அது. அந்த ஊர் வெந்நீர் ஊற்றுகள் அப்படி வந்தவைதான் என்பது மவோரி மக்களின் நம்பிக்கை. வேலை இழுத்துக்கொண்டே போனது, செலவு அதிகம் என்று ஊரே முணுமுணுத்தது தனிக்கதை. அந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்!

மவோரி சபை முற்றத்துக்கு முக்கியமான விருந்தாளிகள் வந்தால், முதலில் வாசலில் ஒரு வீரன் ஆயுதத்தைச் சுழற்றி, விழித்துப் பார்த்துச் சவால் விடுவான். 'நண்பனா, எதிரியா?' என்று கேட்பதுபோல. வந்தவர்கள் சமாதானமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே அழைப்பார்கள். அதற்குப் பிறகு மூக்கோடு மூக்கு வைத்து ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் 'ஹோங்கி' வணக்கம். விழிப்பும் மிரட்டலும் வாசலோடு சரி.

நம் கோபுரத்திலும் அதே ஏற்பாடுதான். கோரைப்பல்லும் உயர்த்திய விரலும் வெளியே. உள்ளே போனால், ஒரு காலைத் தூக்கி ஆடும்போதும் சிரித்த முகமாக இருக்கிறார் நடராஜர்.

வழிபாடு முடிந்து இருவரும் ஊரின் வட எல்லையில் இருக்கும் தில்லைக்காளி கோயிலுக்கும் போனார்கள். நடனப் போட்டியில் சிவனிடம் தோற்ற கோபத்தோடு எல்லைக்கு வந்தவள் இந்தக் காளி என்கிறது தலபுராணம். அந்தக் கோபத்தோடு ஒரு சந்நிதி. நல்லெண்ணெய் அபிஷேகமும் குங்குமக் காப்புமாக இருக்கிறாள். கோபம் தணிந்து நான்கு முகத்தோடு பிரம்ம சாமுண்டீஸ்வரியாக இன்னொரு சந்நிதி. ஒரே கோயில், ஒரே தாய். கோபப்பட்டவளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அவளுக்கும் விளக்கேற்றுகிறார்கள்.

அம்மா அந்த இரண்டு சந்நிதிகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ்ஸில் திரும்பும்போது அதிகம் பேசவில்லை. 'ஷூ விஷயத்துல ரொம்பக் கத்திட்டேன் இல்ல?' என்று மட்டும் கேட்டார். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'பரவால்லம்மா' என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் மறுபடியும் போய்விட்டது. கடையில் சர்வர் வேலை செய்யவில்லை. மழை வேறு. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றவர் உள்ளே வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துக் கண்ணைப் பெரிதாக உருட்டினார். விரலை உயர்த்தினார். அவன் எழுந்து நின்று தரையை ஓங்கி ஓங்கி மிதித்தான். அம்மா நாக்கையும் நீட்டப் போக, 'அது ஆம்பளைங்களுக்கு மட்டும்மா!' என்று கத்தினான்.

உள்ளேயிருந்து ஆயா எட்டிப் பார்த்தார். 'என்னாச்சு உங்க ரெண்டு பேருக்கும்?'

அம்மா சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஷூ அதே இடத்தில்தான் கிடந்தது.