குளிருக்குக் கதவடைக்க வேண்டாம்

டிசம்பர் பிறந்ததும் வடக்கே வாழும் நம்மவர் வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. பெட்டியிலிருந்து குல்லாயும் கம்பளியும் வெளியே வருகின்றன. மனிதர்கள் உள்ளே போய்விடுகிறார்கள். "ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா?" என்பதே எங்கும் பேச்சு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிம்லாவில் குடியிருப்பவன் என்ற முறையில், சங்க அன்பர்கள் முன் வேறொரு கருத்தை வைக்க விரும்புகிறேன். குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்க வேண்டிய தண்டனை அல்ல. வெளியே வந்து அனுபவிக்க வேண்டிய பருவம்.

சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள எங்கள் ஊரைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பார்க்க வேண்டும். 1857இல் அர்ப்பணிக்கப்பட்ட கிறைஸ்ட் சர்ச் ரிட்ஜ் திடலில் விளக்கொளியில் நிற்கும். மதபேதமின்றி ஊரே அங்கே கூடும். மால் ரோட்டில் பொது வாகனங்களுக்கு அனுமதியில்லை. குழந்தைகள் கைவீசி நடக்கலாம். சூடான வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தால் போதும். கிறிஸ்துமஸ் அன்று பனி பொழிவது அரிது. 1991க்குப் பிறகு 2016இல்தான் அந்த வாய்ப்பு வந்தது. ஆனால் பனி இல்லாத நாளின் நீலவானமும் இளவெயிலும் மட்டும் சாமானியமா?

லக்கர் பஜாருக்குக் கீழே 1920இல் தோன்றிய பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறது. தரையில் தண்ணீர் விட்டு, இரவுக் குளிரிலேயே அதை உறையவைத்து, விடிந்ததும் சறுக்குவதே அங்குள்ள மரபு. வானம் தெளிந்த இரவில் நன்றாக உறையும். மேகம் மூடினால் உறையாது. குளிர் குறைந்துவருவதால் சறுக்க முடிகிற நாட்களும் குறைந்துவிட்டன. நாம் சலித்துக்கொள்ளும் குளிரை எண்ணி இவ்வூர்க்காரர்கள் ஏங்குகிறார்கள்!

குளிரில் வெளியே வருவது நமக்குப் புதிதா என்ன? விடியற்காலையில் எழுந்து, வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டு, கோயிலுக்கு நடப்பதுதானே மார்கழி? கிறிஸ்துமஸும் அதே மார்கழியில்தான் வருகிறது. நம் பக்கத்து வழக்கப்படி அனுமன் ஜெயந்தியும் அந்த மாதத்தில்தான். அன்று குடும்பத்தோடு ஜாக்கூ மலையேறி அனுமனைத் தரிசித்தால், பக்தியும் ஆயிற்று, நடையும் ஆயிற்று.

"உடம்புக்கு ஆகாது" என்பார்கள். முதியோரும், ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் அதிகாலையைத் தவிர்த்து, நல்ல வெயில் ஏறியபின் வரட்டும். டில்லியில் நச்சுப்புகை சூழ்ந்த நாட்களில் யாரும் வெளியே போக வேண்டாம். அது குளிரின் குற்றமல்ல, காற்றின் குற்றம். மற்றவர்கள் ஒரே கனத்த கோட்டை நம்பாமல், மெல்லிய கம்பளி ஆடைகளை இரண்டு மூன்று அடுக்காக அணிந்தால் போதும். உண்மையில் அஞ்ச வேண்டியது மூடிய அறையைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு கரி அங்கீட்டியை மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வடக்கே குளிர்காலம்தோறும் இத்தகைய மரணச் செய்திகள் வரத்தான் செய்கின்றன.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என் மகள் பிறந்தது இங்கேதான். அவளுக்குத் தஞ்சாவூர் 'தாத்தா ஊர்'. சிம்லாதான் 'நம்ம ஊர்'. நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடுமுறைக்கு நாள் எண்ணினால், பிறந்த ஊரிலேயே பிள்ளைகளை விருந்தாளிகள் ஆக்கிவிடுகிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போவோம். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதற்கு முன், கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அண்டை வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். சோறு போடும் ஊரின் வெயிலைப் போலவே அதன் குளிரும் நம்முடையதுதான்.